முனீஸ்வரி எடுத்த பதினோரு மார்க்

கடிதம் பதிவுத் தபாலில் மேலூர் பேருந்து நிலையத்துக்கே வந்துவிட்டது. நேரக் காப்பாளர் விருமாண்டி கையெழுத்துப் போட்டு வாங்கி, சிவகங்கை வண்டியை அனுப்பி வைத்துவிட்டு, உறையைக் கிழித்தார். பெறுநர் என்ற இடத்தில் அவர் மனைவி முனீஸ்வரியின் பெயர் இருந்தது.

'தாங்கள் இந்நிறுவனத்தின் மரபணுத் தேர்வில் நூற்றுக்குப் பதினொன்று பெற்றுள்ளீர்கள். ஐம்பதுக்குக் கீழ் பெற்றவர்களுக்கு இந்த மருந்து வேலை செய்யாது என்பது இந்நிறுவனத்தின் கணிப்பு. அவ்வாறிருக்க, மூன்று தவணை மருந்துக்குப் பின் தாங்கள் குணமடைந்து வருவதாகத் தெரிய வருகிறது. இது குறித்து ஏன் தங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை, இக்கடிதம் கண்ட ஏழு தினங்களுக்குள் நேரில் தெரிவிக்கவும்.'

வேறு யாராக இருந்தாலும் கடிதத்தைக் கசக்கி எறிந்திருப்பார்கள். விருமாண்டி முப்பத்தோரு வருடம் மெமோ எழுதிய மனிதர். வண்டி தாமதமாக வந்தால் மெமோ என்பது ஊருக்கே தெரியும். முன்கூட்டி வந்தாலும் மெமோ உண்டு என்பது போக்குவரத்துக் கழகத்தாருக்கு மட்டும் தெரியும். பத்து மணிக்கு வர வேண்டிய வண்டி ஒன்பது ஐம்பத்தாறுக்கு வந்து நின்றால், அந்த நாலு நிமிடத்துக்கு ஓட்டுநர் விளக்கம் எழுதித் தர வேண்டும். அப்படி எத்தனையோ பேரிடம் அவரே வாங்கியிருக்கிறார். அதனால் கடிதத்தின் பொருள் அவரைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. கையெழுத்துக்குக் கீழே தேதி போடவில்லை என்பதைத்தான் முதலில் கவனித்தார்.

ஓட்டுநர் சோலை டீயோடு உள்ளே வந்தார்.

"என்னண்ணே, ரிஜிஸ்டர் தபாலு?"

"வீட்டுல அவளுக்கு மெமோ வந்திருக்கு."

"மதினிக்கா? எதுக்குண்ணே?"

"ஒடம்பு தேறுறதுக்கு."

சோலை டீயை மேசையில் வைத்தார். "சரி விடுங்கண்ணே. பதிலு எழுதிக் குடுத்துருவோம்" என்றார். அவரும் அதே கழகத்தில்தான் இருபது வருடமாக இருக்கிறார்.

முனீஸ்வரிக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். அது நுரையீரலுக்கும் ஏறிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டு, அதையே கட்டியோடு மோதவிடும் புது மருந்து ஒன்று இருக்கிறது. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. யாருக்குக் கேட்கும் என்று முன்னாலேயே சொல்லத்தான் மாமதுரை மரபணு முன்கணிப்பு நிறுவனம் நான்குவழிச் சாலையில் நாலு மாடி கட்டி உட்கார்ந்திருந்தது. மருந்தும் அவர்கள் கையில்தான். ஐம்பதுக்கு மேல் எடுத்தால் பன்னிரண்டு தவணை இலவசம். ஐம்பதுக்குக் கீழ் எடுத்தால் ஆறுதல் இலவசம்.

வாசலில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. 'எங்கள் கணிப்புத் துல்லியம் 100 சதவீதம். தொடங்கிய நாள் முதல் இன்று வரை ஒரு முறையும் தவறியதில்லை.' தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது.

உள்ளே முறை இதுதான். கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து மெழுகில் பதிப்பார்கள். அந்த மெழுகுக் கட்டியைச் சீவி, அதிலுள்ள பதினெட்டு மரபணுக்களில் எது எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று எந்திரத்தில் அளந்து மார்க் போடுவார்கள். மெழுகுக் கட்டிக்கு ஏசி அறை. அது யாருடைய உடம்பிலிருந்து வந்ததோ அவருக்குத் தகரக் கொட்டகை. பதிவேட்டில் மெழுகுக் கட்டியின் பெயர் 'நோயாளி'. அந்த மனிதரின் பெயர் 'உடன் வந்தவர்'.

மார்க் வெளியாகும் நாளில் காலை பத்து மணிக்குப் பலகையில் தாள் ஒட்டுவார்கள். கூட்டம் நெருக்கியடித்து விரலால் தேடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று பழகிப்போன ஜனம், இதையும் அப்படியே எடுத்துக்கொண்டது. முதல் மூன்று இடம் பிடித்தவர்களுக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டினார்கள். தோற்றவர்களுக்கு நாலாம் நம்பர் ஜன்னலில் மறுகூட்டல் விண்ணப்பம் கிடைத்தது. மறுகூட்டலில் இதுவரை யாருக்கும் ஏறியதில்லை, இரண்டு பேருக்குக் குறைந்திருந்தது. பழங்காநத்தத்துக்காரர் ஒருவர் தன் அண்ணனுக்காக அந்த ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "நாப்பத்தொம்பது சார், ஒரே ஒரு மார்க். கிரேஸ் மார்க்குன்னு எதுவும் போட மாட்டீகளா?" என்று கேட்டதை விருமாண்டியே பார்த்தார். பரிசீலிப்பதாகச் சொன்னார்கள்.

தகரக் கொட்டகையில் முனீஸ்வரிக்குப் பக்கத்து நாற்காலி உமர் பாரூக்குடையது. தெற்குவாசலில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தவர், அறுபத்தொரு வயது. அவர் மனைவி ஹாஜரா கொண்டுவரும் ஃபிளாஸ்க் டீயில் முனீஸ்வரிக்கும் ஒரு பங்கு உண்டு. மார்க் வந்த அன்று உமர் பாரூக் தொண்ணூற்று நாலு எடுத்து முதலிடம் வந்தார். முனீஸ்வரி பதினொன்று. உமர் பாரூக் தன் மேல் போர்த்திய சால்வையை மெல்லக் கழற்றி மடித்து, மடியில் மறைத்து வைத்துக்கொண்டார். பக்கத்தில் தோற்றவர் இருக்கும்போது போர்த்திக்கொண்டு உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், மார்க் வர ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அதற்குள் மருந்து ஏற்றும் வார்டிலிருந்த இளம் டாக்டர் அருள்பாண்டி முனீஸ்வரிக்கு மூன்று தவணை மருந்தை ஏற்றிவிட்டார். 'ரிசல்ட் வர்ற வரைக்கும் கட்டி காத்திருக்குமா?' என்று ஒரு கூட்டத்தில் கேட்டாராம். இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார். போவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டுப் போனார். கட்டி பாதியாகச் சுருங்கியிருந்தது.

விசாரணை மூன்றாவது மாடியில் நடந்தது. நடுவில் இயக்குநர் டாக்டர் பீமாராவ். குரலை உயர்த்தாத மனிதர், முகத்தில் எப்போதும் ஒரு பரிவு இருக்கும். பக்கத்தில் பதிவேட்டுக் கண்காணிப்பாளர் ஜெயபாண்டி, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு.

"பயப்படாதீங்கம்மா. உங்களை யாரும் கொறை சொல்லல" என்று பீமாராவ் தொடங்கினார். "என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும், அம்புட்டுத்தான். இப்ப மூச்சு இரைக்குதா?"

"முந்தி இரைச்சுச்சு சார். இப்ப இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"மூணு மாடியும் படியேறித்தான் வந்தேன். லிப்டுல சாம்பிளுக்கு மட்டும்னு எழுதிப் போட்டிருக்கு."

"ஒத்துக்கிறாங்க சார்" என்றபடி ஜெயபாண்டி எழுதினார்.

"சாப்பாடு?"

"நல்லாச் சாப்பிடுறேன் சார்."

"வேற ஏதாச்சும் நாட்டு மருந்து, வேண்டுதல், அந்த மாதிரி?"

"இல்ல சார். நீங்க குடுத்த மருந்துதான்."

"எங்க மருந்து உங்களுக்கு வேலை செய்யாதேம்மா" என்றார் பீமாராவ் வருத்தத்தோடு.

விருமாண்டி எழுந்து ஸ்கேன் உறையை நீட்டினார். "சார், பாதியாக் கொறஞ்சிருக்கு. இதுல தெளிவாத் தெரியுது."

பீமாராவ் உறையைத் தொடவில்லை. "விருமாண்டி, ஸ்கேன் இப்ப இருக்கிறதச் சொல்லுது. நாங்க இனிமே நடக்கப்போறதச் சொல்றோம். ரெண்டுல எது பெருசு? எங்க மெஷின் இருபதாயிரம் கட்டியப் படிச்சுக் கத்துக்கிட்டது. அத்தனையும் வெளிநாட்டுக் கட்டி. நம்ம பக்கத்துக் கட்டி ஒண்ணுகூடக் கெடையாது. அதனாலதான் அது நம்மளப் பத்தி நடுநிலையாச் சொல்ல முடியுது."

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள்.

"ஒப்பீட்டுக்கு இன்னொருத்தரக் கூப்பிட்டிருக்கோம்" என்றார் ஜெயபாண்டி. கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் உமர் பாரூக்கைத் தள்ளிக்கொண்டு ஹாஜரா வந்தார். ஒன்றரை மாதத்தில் மனிதர் பாதியாகியிருந்தார். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.

"பாருங்க. தொண்ணூத்தி நாலு" என்றார் பீமாராவ் பெருமையாக. "இவருக்கு மருந்து அற்புதமா வேலை செய்யுது. பாய், இப்ப எப்படி இருக்கு?"

உமர் பாரூக் மரியாதை தெரிந்தவர். தலையைத் தூக்க முயன்றார், முடியவில்லை. தரையைப் பார்த்தபடி, "உங்க தயவுல தேவலங்க" என்றார்.

"சார், ரெண்டு வாரமா ஒரு வாய் கஞ்சிகூட எறங்கல" என்றார் ஹாஜரா.

"அது வேற பிரச்சினைம்மா. அத இதோட சேக்காதீங்க" என்று பீமாராவ் இதமாகச் சொன்னார். ஜெயபாண்டி 'தேவலை' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு உடனே வந்தது. முனீஸ்வரிக்கு நாலாவது தவணை கிடையாது.

"நிறுத்துனா என்ன ஆகும் சார்?" என்று விருமாண்டி கேட்டார்.

"கட்டி வளரும்."

"அப்ப மருந்து கேட்டுச்சுன்னுதானே சார் அர்த்தம்?"

"அப்படிப் பாக்கக் கூடாது. கட்டி வளந்துச்சுன்னா, மருந்து வேலை செய்யாதுன்னு நாங்க சொன்னது சரின்னு ஆயிரும். சரின்னு ஆயிட்டா உங்க மேல எந்த நடவடிக்கையும் இருக்காது. அதுக்கப்புறம் நீங்க தாராளமா அப்பீல் பண்ணலாம். வீட்டுக்காரம்மாவ நல்லாப் பாத்துக்கங்க."

கீழே இறங்கும்போது பாரூக் தம்பதியும் படியருகில்தான் நின்றார்கள். லிப்டில் ஒரு மெழுகுக் கட்டி போய்க்கொண்டிருந்தது. விருமாண்டியும் காவலாளியும் சக்கர நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூன்று மாடி இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு விருமாண்டிக்கு எல்லாம் மரத்துப்போனது. வேலைக்குப் போனார், வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதினார். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. ஐந்தாவது வாரம் முனீஸ்வரி தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்தாள். ஆறாவது வாரம் இருமல் திரும்பியது. ஏழாவது வாரம் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள். அவர் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு அந்த மூச்சை எண்ணினார், வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

"ஏங்க, நான் படிச்ச காலத்துலயும் கணக்குல பதினொண்ணுதான் எடுத்தேன்" என்றாள் ஒரு நாள். சிரிப்பாள் என்று பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் உமர் பாரூக் இறந்துபோனார். செய்தி கேட்டு இருவரும் தெற்குவாசலுக்குப் போனார்கள். ஹாஜரா இத்தாவில் இருந்தார். நாலு மாதம் பத்து நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது, வெளி ஆண்களைப் பார்க்கவும் கூடாது. அதனால் முனீஸ்வரி மட்டும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். விருமாண்டி, மூடிக் கிடந்த தையல் கடையின் படியில் உட்கார்ந்திருந்தார்.

அரை மணி கழித்து முனீஸ்வரி வெளியே வந்தாள். கையில் நிறுவனத்தின் பச்சை அட்டை இருந்தது. மேலே உமர் பாரூக், 94 என்று அச்சடித்திருந்தது. பன்னிரண்டு கட்டங்களில் நாலில் மட்டும் முத்திரை விழுந்திருந்தது.

"என்ன இது?"

அவள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "செவ்வாக்கிழமை அஞ்சாவது ஊசிக்கு வரச் சொல்லி போன் பண்ணாங்களாம். அவுக மௌத்தாயிட்டாகன்னு அக்கா சொல்லிருக்கு. அதுக்கு அந்த ஆளு, தொண்ணூத்தி நாலு எடுத்தவங்க இறந்ததாப் பதிய கம்ப்யூட்டர்ல எடமே இல்லம்மான்னாராம். அப்படியே பதியணும்னா நோயாளி நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா சம்சாரம் வரணுமாம். அக்கா எப்படிப் போகும்?"

"அதுக்கு?"

"செவ்வாக்கிழமை வந்துருங்க, மருந்து எடுத்து வச்சாச்சுன்னு போனை வச்சுட்டாராம்."

விருமாண்டி அட்டையைப் பார்த்தார். எட்டுக் கட்டம் காலியாக இருந்தது. அவர் வேலையில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. பத்து மணி சிவகங்கை வண்டி வழியில் படுத்துவிட்டால், பத்து மணி சர்வீஸ் ரத்தாகாது. டெப்போவிலிருந்து ஸ்பேர் வண்டி ஒன்று வரும். அதன் நெற்றியில் சிவகங்கைப் பலகையை மாட்டி, அதே டிரிப் ஷீட்டில் அதே பத்து மணிக்கு அனுப்பி வைப்பார்கள். பதிவேட்டில் சர்வீஸ் ஓடியதாகவே இருக்கும். எந்த வண்டி ஓடியது என்று மேலிடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. முப்பத்தோரு வருடத்தில் அப்படி எத்தனையோ வண்டிகளுக்கு அவர் பலகை மாற்றியிருக்கிறார்.

ஆனால் அந்த மனிதரை அடக்கி மூன்று நாள்கூட ஆகவில்லை. அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு இதை நினைத்ததே அவருக்கு அவமானமாக இருந்தது.

"நீயா கேட்ட?" என்றார் மெதுவாக.

"நான் எப்படிங்க கேப்பேன். அக்காதான் கையில திணிச்சுச்சு. அவுக பேரைக் கூப்பிடும்போது யாராச்சும் எந்திரிக்கணும்லன்னுச்சு."

செவ்வாய்க்கிழமை ஜெயபாண்டி அட்டையை வாங்கித் திரையோடு ஒப்பிட்டார்.

"உமர் பாரூக். அறுபத்தொண்ணு. ஆண்." நிமிர்ந்து முனீஸ்வரியைப் பார்த்தார். மஞ்சள் கயிறு, நெற்றியில் குங்குமம். ஜெயபாண்டி மறுபடி திரையைப் பார்த்தார். அதில் பச்சை விளக்கு எரிந்தது.

"சிஸ்டம் ஏத்துக்கிருச்சு. உள்ள போங்க பாய்" என்றார்.

வார்டு வாசலில் நர்ஸ் மீனா சத்தமாகக் கூப்பிட்டாள். "உமர் பாரூக்."

முனீஸ்வரி எழுந்தாள். முதல் மூன்று தவணையையும் அவளுக்கு ஏற்றியது இந்த மீனாதான். கையைப் பிடித்து நரம்பைத் தேடும்போது ஒரு கணம் அவள் விரல் நின்றது. பிறகு, "கையை நல்லா நீட்டுங்க, உமர் பாரூக்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஊசியை ஏற்றினாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு தவணை. அந்தப் பெயரில் இரண்டாவது தவணைக்குப் பிறகு முனீஸ்வரி படுத்துத் தூங்கினாள். மூன்றாவதற்குப் பிறகு குடம் வீடு வரைக்கும் வந்தது. நாலாவதற்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி கால்வாசிதான் இருந்தது. பீமாராவ் அவரே வார்டுக்கு வந்து, அவள் தோளில் இரண்டாவது சால்வையைப் போட்டார்.

"தொண்ணூத்தி நாலு. நான்தான் சொன்னேன்ல?" என்றார் சுற்றியிருந்த மாணவர்களிடம். "இதுல அதிர்ஷ்டம்னு ஒண்ணும் கெடையாது. ஜீனுக்குத் தெரியும், யாரு பொழைப்பாங்கன்னு. நாம ஆளப் பாக்கக் கூடாது, மார்க்கப் பாக்கணும்."

வரவேற்பறையில் முதலிடத்துப் படம் அப்படியே தொங்கியது. வெள்ளைத் தாடியோடு உமர் பாரூக் கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குக் கீழேதான் அவளை நிறுத்தி இன்னொரு படம் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் மேலூருக்கு இரண்டாவது பதிவுத் தபால் வந்தது. இந்தத் தடவை விருமாண்டி பெயருக்கே வந்திருந்தது. முனீஸ்வரி தொடர்ந்து மூன்று ஆய்வுக்கு வராத காரணத்தால், அவர் கணிப்பின்படியே காலமானார் என நிறுவனம் முடிவு செய்திருந்தது. 'தங்கள் துணைவியார் இறுதியில் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி. விசாரணை முடித்துக்கொள்ளப்படுகிறது. ஆழ்ந்த இரங்கல்.' இந்த முறை தேதியெல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அதை முனீஸ்வரியிடம் கொடுத்தார். அவள் சோற்றுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டு முழுவதும் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதிருக்காங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு தவணை முடிந்ததும் அவர்கள் நேராகத் தெற்குவாசலுக்குத்தான் போவார்கள். அட்டையில் ஒன்பதாவது முத்திரை விழுந்த அன்றும் போனார்கள். இத்தா முடிய இன்னும் நாற்பது நாள் இருந்தது. முனீஸ்வரி செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள். விருமாண்டி வழக்கம்போலக் கடைப் படியில் உட்கார்ந்தார். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஹாஜராவின் குரல் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"இன்னைக்கும் கூப்பிட்டாகளா?"

"கூப்பிட்டாங்கக்கா."

"சத்தமாவா?"

"வார்டு பூராக் கேட்டுச்சு."

ஃபிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது.

"எந்திரிச்சாகளா?"

"எந்திரிச்சேன்க்கா" என்றாள் முனீஸ்வரி. "கூப்பிட்ட ஒடனே எந்திரிச்சேன்."